நமால்வா பிடித்த கைதட்டு

இயற்பியல் வகுப்புக்கு மணி அடித்ததும் நமால்வா இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொள்வாள். மலையூரான கிட்டாலேயில் காலையில் குளிர்தான். ஆனால் மத்தியான வெயில் தகரக் கூரையை வறுத்தெடுக்கும்போதும் அப்படியேதான். "உனக்குக் கை இருக்கா, வித்துட்டியா?" என்பான் பக்கத்தில் உட்காரும் சிமியு.

பள்ளி விட்டால் கை முளைத்துவிடும். சந்தைத் தெருவில் மாமாவின் ரேடியோ கடையில் திருகாணிகளைப் பல்லில் கடித்தபடி வேலை செய்வாள். பேட்டரியை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் உசிரு இருக்கு, தூக்கிப் போட்றாதீங்க" என்பாள். பாடாத ரேடியோவை யாராவது தட்டினால் கோபம் வரும். "அடிக்காதீங்க அண்ணே. பயந்துபோய் இன்னும் வாயை மூடிக்கும்." மின்பொறியியல் படிக்கப் போகிறாள் என்பது கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்.

போன வருஷம்வரை எந்தக் கேள்விக்கும் முதலில் எழுந்தவள் இவள்தான். சரியாகச் சொன்னால் அந்த வகுப்பில் கைதட்டு உண்டு. எல்லாரும் உள்ளங்கையைத் தேய்த்து, மூன்று தட்டு தட்டி, சொன்னவரை நோக்கி இரண்டு கையாலும் எறிவார்கள். அதைக் காற்றில் பிடித்து நெஞ்சில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டுதான். மீசை முளைத்த பையன்களும் அதற்கு ஏங்குவார்கள்.

அப்போது ஒருநாள் இயற்பியல் ஆசிரியர் முலோங்கோ சார், ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிய இரண்டு பல்புகள் ஏன் மங்கலாக எரிகின்றன என்று கேட்டார். நமால்வாதான் முதலில் எழுந்தாள். "ஒரே சாப்பாட்டை ரெண்டு பேர் பங்கு போடுற மாதிரி சார். முதல் பல்பு நிறைய தின்னுட்டு மிச்சத்தை அடுத்ததுக்கு விடுது."

சார் கண்ணை அகல விரித்தார். "ஆஹா! விஞ்ஞானி அம்மாவுக்குப் பெரிய கைதட்டு குடுங்கப்பா!"

வகுப்பு எறிந்தது. நமால்வா எக்கிப் பிடித்து, கண்ணை மூடி, நெஞ்சில் ஒற்றிக்கொண்டாள்.

"பத்திரமா வச்சுக்கம்மா. பதில் தப்பு."

கூரை பறக்கிற சிரிப்பு. அவள் கைகள் அப்போதும் நெஞ்சிலேயே இருந்தன. எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

சரியான காரணத்தை அன்று யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் தானே பல்புகளை மாட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்: எந்தப் பல்பும் அதிகம் தின்பதில்லை, இரண்டும் சமமாகவே பங்கு போடுகின்றன. இப்போது பதில்களைச் சிமியுவின் காதில் ஊதுகிறாள். அவன் எழுந்து சொல்லி, கைதட்டை வாங்கி, மேசைக்கடியில் நீட்டுவான்.

"புடி, உன்னுது."

"நீயே வச்சுக்கடா. எனக்கு வேணாம்."

நேற்று, அடுத்த வகுப்புக்கு யார் எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுக்கும் நாள். இயற்பியலை விட்டால் மின்பொறியியலுக்குப் போக வழியே இல்லை. "தொடர்றவங்க கையைத் தூக்குங்க" என்றார் முலோங்கோ சார். கைகள் எழுந்தன. சிமியுகூடத் தூக்கினான், அவள் ஊதாமல் அவனுக்கு ஒரு பதிலும் வராது. "தூக்குடி பேயே" என்று முழங்கையால் இடித்தான்.

சார் பழசையெல்லாம் மறந்திருந்தார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்: "என்னம்மா விஞ்ஞானி, நீ வரலையா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நமால்வாவின் ஸ்வெட்டர் கை மேசைக்கு மேலே கொஞ்சம் எழுந்தது. உள்ளே விரல்கள் அசைவது தெரிந்தது. பிறகு அந்தக் கையாலேயே, மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.