இரண்டு அன்னங்களும் ஒரே அச்சு

அம்மா ஏற்றிய குத்துவிளக்கு யாரிடம் இருக்கிறது என்னும் கேள்வியால் என் அக்காமார் இருவரும் பேச்சை முறித்துக்கொண்டிருந்தனர். சாஆ என்னும் ஊரில் வாழும் பெரியக்காவிடம் ஒரு விளக்கு. பெர்மாஸ் ஜெயாவில் வாழும் சின்னக்காவிடம் அதே உருவில் மற்றொன்று. "பழசு ஒனக்குத்தான், அவகிட்ட இருக்கறது அதே மாதிரி செய்யச் சொல்லி வாங்குனது" என்று அம்மா இருவரிடமும் தனித்தனியே சொல்லிவிட்டு மறைந்தார். அசலைப் பெற்றவளே அம்மாவுக்கு உகந்த மகள் என்பது அவர்கள் துணிபு. பழம்பொருள் திரட்டுவது என் வழக்கமாதலால், தீர்ப்புரைக்க என்னை அழைத்தனர்.

சின்னக்கா வீட்டு உணவு மேசையில் விளக்குகள் அருகருகே நின்றன. பழமை கெட்டுவிடும் என்று அஞ்சி இருவருமே அவற்றைத் துலக்காமல் வைத்திருந்ததால் இரண்டும் கறுத்துக் கிடந்தன. நிறத்தை நான் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டு ஈரக்காற்றே அந்தக் கறுப்பைத் தந்துவிடும். நான் தேடியது தேய்மானத்தை. வெள்ளிதோறும் அம்மா புளியிட்டுத் தேய்த்ததில், விளக்கின் உச்சியிலிருந்த அன்னத்தின் இறகுக் கோடுகள் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தன. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

பெரியக்காவின் அன்னத்தைத் தடவினேன். இறகுகள் கூராக விரலில் உறுத்தின. ஆகவே மற்றதே அசல் என்று முடிவு செய்து, அதையும் தடவினேன். அதே கூர்மை. இடச்சிறகின் கீழ் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே குழி, வார்ப்பில் நேர்ந்த பழுது. பொய்யே அறியாதவர் என்று நான் நம்பியிருந்த அம்மா, இரு மகள்களிடமும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்.

"என்னடா முழிக்கிற? எது லா அம்மாவோடது?" என்றாள் பெரியக்கா.

"ரெண்டும் இல்லக்கா. ரெண்டுமே புதுசு. ஒரே அச்சுல ஊத்துனது."

"அலமாக்!" சின்னக்கா நாற்காலியில் சரிந்தாள்.

பெரியக்கா பல மாதங்களுக்குப் பின் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "அப்ப அசல் எங்கடி?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? கடைசியா அம்மா யாரு வீட்டுல இருந்தாங்க?"

இரு தலைகளும் என் பக்கம் திரும்பின.

"இவன் வீட்டுலதான். பழைய சாமான் பைத்தியம் வேற."

"அம்மாவுக்கு எப்பவுமே ஆம்பளப் புள்ளதானக்கா ஒசத்தி!"

"சத்தியமா எங்கிட்ட இல்லக்கா!"

"சத்தியம் அப்புறம் பண்ணலாம். காடிய எடு."

என் வீடு இருக்கும் பெக்கான் நானாஸ் வரையில் இருவரும் காரின் பின்னிருக்கையில் ஒட்டி அமர்ந்து என்னைப் பற்றியே பேசிவந்தனர். என் வீட்டில் அலமாரி, பரண், கட்டிலடி எதையும் விட்டுவைக்கவில்லை. விளக்கு அகப்படவில்லை. அதை அம்மா என்ன செய்தார் என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. நான் வேறெங்கோ ஒளித்துவிட்டேன் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை.

இப்போது அக்காமார் நாள்தோறும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். என் அழைப்பைத்தான் இருவரும் எடுப்பதில்லை.