மணிக்கட்டே அளவுகோல்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஜெர்மனியின் சாவர்லாந்து மலைப்பக்கத்தில் தன் பைக்கைத் தானே பழுதுபார்க்கும் மகாஜனங்களின் குருவும், வட்டார பைக் சங்கத் தலைவரும், காணொளி உபதேசியுமான எக்கார்ட், பட்டப்பகலில் ஒரு பேயிடம் மாட்டினார். கட்டுக்கதை இல்லை. பக்கத்தில் இருந்த ஊவே சாட்சி. பொய் சொல்லும் அளவுக்கு ஊவேவுக்குக் கற்பனை கிடையாது.

மறுநாள் ஞாயிறு. பனிக்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த பைக்குகளைத் தேவாலய வாசலில் நிறுத்திப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். பிறகு ஊர்வலம். முதல் வண்டி தலைவருடையது. மாரென் என்ற விதவையிடம் வாங்கி, டிரெய்லரில் ஏற்றி வந்த வண்டியில்தான் வரப்போவதாக எக்கார்ட் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆகவே சனிக்கிழமை மதியம் இருவரும் வாடகைப் பட்டறையில் இருந்தார்கள்.

"எந்த மடையன் கை வெச்ச வண்டி இது?"

முந்தைய சொந்தக்காரனைத் திட்டாமல் அங்கே யாரும் ஸ்பேனரைத் தொடுவதில்லை. பிள்ளையார் சுழி மாதிரி. ஆனால் எக்கார்டுக்கு அன்று நிஜக் கோபம். முன் பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளும் விரலால் தொட்டாலே சுற்றின.

"டார்க் ரெஞ்ச் தரட்டுமா தலைவரே?" என்றார் ஊவே. சரியான அளவு இறுகியதும் ‘டக்’ என்று சொல்லும் ஸ்பேனர் அது.

"அது கையில்லாதவனுக்கு ஊன்றுகோல். மணிக்கட்டே அளவுகோல்!"

புகழ்பெற்ற வாசகம். அவருடைய காணொளிகள் அதில்தான் முடியும். இரண்டையும் இறுக்கினார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிரேக் வரை குறுக்காக மஞ்சள் பெயின்ட் கோடு போட்டார். போல்ட் அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

பின்னால்... டக்.

"விளையாடாத ஊவே."

"நான் காபி ஊத்திட்டிருக்கேன்பா. என்னோட ரெஞ்ச் பெட்டிக்குள்ள கிடக்கு, பாரு."

கிடந்தது. பூட்டியபடி.

இருவரும் சேர்ந்தே காபி குடித்தார்கள். சேர்ந்தே திரும்பினார்கள். மேல் போல்ட்டின் கோடு முறிந்திருந்தது. போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது.

எக்கார்டின் கழுத்து சிவந்தது. மறுபடி இறுக்கினார். மறுபடி கோடு. கையைத் துடைக்கத் திரும்பினார், அவ்வளவுதான்.

டக்... டக்...

இந்த முறை கிட்டத்தில். கோடு மறுபடி முறிந்திருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"எவன்டா அது? தைரியம் இருந்தா முன்னால வாடா!"

யாரும் வரவில்லை. ஈர மண் வாசனை மட்டும் வந்தது. பட்டறைத் தரை சிமென்ட்.

எக்கார்ட் உடம்பின் முழு எடையையும் ஸ்பேனரில் போட்டார்.

"போதும்பா! இறுக்கத்துக்கு அப்புறம் முறிவுதான்..." என்று கத்தினார் ஊவே.

காதருகே.

டக்.

போல்ட் முறிந்தது.

நாளைய ஊர்வலம் கைவிட்டுப் போயிற்று. பயத்தைக் காட்டத் தெரியாத எக்கார்ட் போனை எடுத்தார்.

"என்னம்மா வண்டி வித்தீங்க? உங்க வீட்டுக்காரருக்கு ஒரு போல்ட்டை இறுக்கக்கூடத் தெரியாதா?"

மாரென் நிதானமாகச் சொன்னாள்.

"யோர்ன் கத்துக்கிட்டது உங்ககிட்டதாங்க."

"என்கிட்டயா? நான் அவரைப் பார்த்ததே இல்ல!"

"உங்க காணொளிய ஒண்ணு விடமாட்டான். மணிக்கட்டே அளவுகோல்னு சமையல்கட்டுல நின்னு கத்துவான். போன வருஷம் ஏரி வளைவுல போல்ட்டு தளர்ந்து முன் பிரேக் பிடிக்கல. வண்டி புல்லுல போய்ப் படுத்துக்கிச்சு, ஒரு கீறல் இல்ல. அவன் மரத்துல மோதினான். அதுக்கப்புறம் அந்த வண்டியில ஒரு போல்ட்டையும் நான் தொடல. நிறைய பேர் விலைக்குக் கேட்டாங்க. அதுல உங்க பேரைப் பார்த்தேன். உங்களுக்கே குடுத்தேன்."

எக்கார்ட் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பிறந்தநாளுக்கு அவனுக்கு டார்க் ரெஞ்ச் வாங்கிக் குடுத்தேன். கையில்லாதவனுக்குன்னு சிரிச்சான். பிரிக்கவே இல்ல. சவப்பெட்டியில அதையும் கூட வெச்சு மூடிட்டேன். இப்பதான் நேரம் நிறைய இருக்கே... பழகட்டும்."

மறுநாள் எக்கார்ட் தேவாலயத்துக்குப் பேருந்தில் போனார்.

அந்தக் காணொளிகளை மட்டும் இன்னும் நீக்கவில்லை.