மஞ்சள்தூள் குடித்த கார்

கொதிக்கிற மஞ்சள் தண்ணீரின் ஆவி மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு ஜலதோஷம் போகும். எனக்கு ஒரு கறுப்புக் கார் ஞாபகம் வரும்.

அப்பா ரைஸ்மில் முதலாளியிடம் டிரைவர். முதலாளியின் அப்பா வாங்கிய அந்தக் கறுப்புக் கார் பெட்ரோலைவிடத் தண்ணீரைத்தான் ஜாஸ்தி குடிக்கும். ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஒழுகல். கழற்றிப் பற்றவைக்கலாம் என்று அப்பா கேட்டபோதெல்லாம் முதலாளி, "எங்கப்பா வச்சுட்டுப் போன மாதிரியே இருக்கணும்டா, கை வைக்காத" என்பார். அதனால் டிரைவர்கள் செய்கிற வைத்தியத்தையே அப்பாவும் செய்தார்: ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

முதலாளி மகளின் கல்யாணத்தன்று மணப்பெண் அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். எனக்கு எட்டு வயது. வழியில் நின்றால் அப்பாவுக்குத் திட்டு விழுமே என்று பயந்து, ஒரு சிட்டிகையே இவ்வளவு செய்தால் ஒரு டப்பா எவ்வளவு செய்யும் என்று யோசித்து, அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மாவின் மஞ்சள் டப்பாவை அப்படியே கவிழ்த்தேன்.

செங்கம் ரோட்டில் கார் பொங்கியது. மூடி எகிறி, மஞ்சள் நுரை பானெட்டெல்லாம் வழிந்தது. மணப்பெண் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரை வண்டியில் ஏறினாள்.

"காருக்கு நலங்கு வச்சியாடா?" என்றார் முதலாளி. கூட்டம் சிரித்தது. முன்சீட்டில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்த என்னை அப்பா திரும்பிப் பார்த்தார். நான் மஞ்சள் விரல்களைப் பாவாடைக்குள் ஒளித்தேன்.

"நாந்தாங்க போட்டேன். கை தவறி ஜாஸ்தியா விழுந்துடுச்சிங்க" என்றார் அப்பா.

அன்றோடு வேலை போயிற்று. பிறகு மண்டியில் மூட்டை தூக்கினார். சாகும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வைக்க, வேங்கிக்காலில் முதலாளி பேரன் வீட்டுக்குப் போனேன். என் அப்பா யாரென்று அவனுக்குத் தெரியாது. அதே கறுப்புக் கார் பளபளவென்று நின்றது. பானெட்டைத் திறந்து காட்டினான். பழைய ரேடியேட்டரைச் சுத்தம் செய்து அப்படியே வைத்து, பின்னால் வெளியே தெரியாதபடி சின்னதாக ஒரு மின்விசிறி மாட்டியிருந்தான்.

"இதைக் கழட்டிட்டா அதே பழைய வண்டிதான் ஆயா. இப்ப சூடே ஏறாது. எங்க தாத்தா காலத்துல ஒரு டிரைவர், முட்டாப் பய, மஞ்சத்தூளக் கொட்டிக் கெடுத்துட்டானாம்."

"டிரைவர் இல்லப்பா. நான்தான் கொட்டினேன்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உனக்கு எல்லாத்துலயும் தமாஷு, ஆயா!"

ஊரில் வாயைத் திறந்தாலே சிரிக்கவைத்துப் பழகிவிட்டேன். அப்பா இல்லை, அந்தக் கல்யாணப்பெண் இல்லை, அன்று ரோட்டில் நின்றவர்களில் ஒருவரும் இல்லை. அப்பா மேல் சத்தியம் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தான்.