ஆள் மாற்றிச் சாப்பாடு

எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் ஆள் மாற்றிச் சாப்பாடுதான். கல்மண்டபத்தில் எங்கள் மளிகைக் கடையைக் காலையில் திறந்தால் ராத்திரி வரை மூடமாட்டோம். அம்மா கடையில் நின்றால் அப்பா உள்ளே போய்ச் சாப்பிடுவார். அவர் வந்து நின்றால் அம்மா போவாள். முக்கால்வாசி நாள் அப்பா உள்ளேயும் போகமாட்டார். கல்லாவுக்குப் பின்னால் தட்டை வைத்துக்கொண்டு நாலு வாய் அள்ளிப் போடுவார். ஆள் வந்துவிட்டால் தட்டின் மேல் பழைய பேப்பரைப் போட்டு மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். ஆறிப்போன சோற்றில் பேப்பர் ஒட்டிக் கிடப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு மட்டும் நான் பார்த்ததே இல்லை. ஊரில் கல்யாணம் என்றால்கூட ஒருவர்தான் போவார், இன்னொருவர் கடையைப் பார்த்துக்கொள்வார்.

போன தை மாதம் கடையை மூடிவிட்டோம். அப்பாவின் முட்டிவலி அவரை நிற்க விடவில்லை. கடை போன பிறகும் பழக்கம் போகவில்லை. அப்பாவுக்குப் பரிமாறிவிட்டு அம்மா வாசல் பக்கம் போய் நின்றுகொள்வாள். இனிமேல் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டாலும் நகரமாட்டாள். எனக்கு ஆத்திரமாகவும் வரும், அழுகையாகவும் வரும். ஒரு வேளையாவது இவர்களைச் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பிடச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டேன். கடற்கரையில் உணவுத் திருவிழா என்று கேள்விப்பட்டதும் இருவரையும் கிளப்பி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். எந்த வரிசை எந்தக் கடைக்கு என்றே தெரியவில்லை. பிரியாணித் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். தேடித் தேடி ஒரே ஒரு ஸ்டூல் கிடைத்தது.

"நீங்க உக்காந்து சாப்பிடுங்க. நான் பொறவு சாப்பிடுதேன்" என்றாள் அம்மா.

"நீ உக்காரு. நான் நிக்கேன்" என்றார் அப்பா.

"இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்று நான் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் வேறு யாரோ ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மீன் வறுவல் வரிசையில் போய் நின்றோம். காசிமேட்டுப் பெண்கள் சேர்ந்து போட்ட கடை அது. கல்லில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த அக்கா வருஷக்கணக்காக எங்களிடம் மிளகாய்த்தூள் வாங்கியவள். அப்பாவைப் பார்த்ததும் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, நீ இன்னா இங்க? கடைய மூடிட்டு பூட்ட. நாங்கோ பேஜாராயி கீறோம்."

அப்பா சிரித்தார். அதற்குள் முன்னால் நின்ற ஒருவர் தட்டு வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். வெங்காயம் வைக்கவும் தட்டு நீட்டவும் ஆள் போதவில்லை. நான் பர்ஸை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். மனுஷன் கடை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

"தம்பி, ஒங்களுக்கு முன்னால அந்தம்மா நிக்காவ. அம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் உள்ளே போய்ப் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். சாப்பிடக் கூட்டிவந்தால் இவர்கள் கடை திறந்துவிட்டார்கள். போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் நெருங்கினேன். ஆனால் அப்பாவின் முகம் தை மாதத்துக்கு முன்பிருந்த முகமாக இருந்தது. அந்த முகத்துக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பர்ஸை உள்ளே வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

கூட்டம் குறைந்தபோது கல்லும் காலி. வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

"அண்ணாச்சிக்கு இல்லாம பூடுமா? எடுத்து வச்சிகீறேன்" என்று அந்த அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். சோறு, குழம்பு, இரண்டு துண்டு வஞ்சிரம். கடைக்குப் பின்னால் கிடந்த ஐஸ் பெட்டியைக் காட்டி, "ரெண்டு பேரும் குந்துங்கோ" என்றாள்.

இருக்க இடம் ஒன்று, தட்டும் ஒன்று. வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நான் வாயைத் திறந்தால் எங்கே எழுந்துவிடுவார்களோ என்று தள்ளி நின்றேன்.

அப்பா முதல் வாய் எடுத்தார். அப்போது குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "மீன் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். அப்பாவின் இடது கை தானாகப் போய்ப் பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்துத் தட்டின் மேல் போட்டது. எழுந்திருக்க முட்டியில் கையை ஊன்றினார்.

அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம், "தீந்துபோச்சும்மா" என்றாள். பிறகு தட்டின் மேலிருந்த பேப்பரை எடுத்து, நாலாக மடித்து, தனக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கடை மூடியாச்சு. சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அதே தட்டில் தானும் கை வைத்தாள்.