வெர்லா ஹாஸ்கெட் ஓட்டிய வண்டி

அரிசோனாவின் தெற்கு மூலையில் இருக்கிற எங்கள் பால்மர் வெல்ஸில் ஒரு படம் எடுத்தார்கள். தொலைக்காட்சிக்கென்றே எடுத்த சிரிப்புப் படம். கார் வராத காலத்துக் கதை; குதிரை, துப்பாக்கி, வங்கிக் கொள்ளை எல்லாம் உண்டு. பெயர் 'பல்லுப் போன ஷெரீஃப்'. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் திட்டினார்கள். திட்டியவர்களும் ஒரே ஒரு காட்சியை விட்டுவிட்டுத்தான் திட்டினார்கள். அந்தக் காட்சியில் நான்கு கோவேறு கழுதைகள் பூட்டிய கோச்சு வண்டியை ஓட்டியது வெர்லா ஹாஸ்கெட். ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அவள் இருபது வருடத் தோழி.

அப்போது வெர்லாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதுதான் வேலை. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் ஏதோ ஒரு வருடம் அவள் பஸ்ஸில் போனவர்கள்தான்; இன்னமும் 'மிஸ் வெர்லா' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுதை ஓட்டுவது பரம்பரைத் தொழிலும் இல்லை. முப்பத்து மூன்று வயதில் ஏலத்தில் இரண்டு கழுதைகளைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் வாங்கி வந்தாள். தானே பழகினாள். பழகுகிற காலத்தில் இரண்டு வேலிகளும் தபால் நிலையத்துச் சுவரில் ஒரு பக்கமும் போயின. பிறகு கழுதைகள் நான்காயின: டச்சஸ், பிஸ்கட், சண்டே, ப்ரீச்சர். நான்கையும் ஒன்றாகப் பூட்டி ஓட்ட அவளுக்குப் பதினோரு வருடம் பிடித்தது. வருடத்துக்கு ஒருமுறை ஊர்வலத்தில் கோச்சு வண்டியை ஓட்டுவாள். நாங்கள் கை தட்டுவோம். அதோடு சரி.

அந்த மார்ச் மாதம் படக்காரர்கள் வந்தார்கள். மொத்தமே பதினெட்டு நாள் படப்பிடிப்பு. தெருவுக்கு ஒரு பக்கம்தான் கடை முகப்புகள் கட்டினார்கள். மறு பக்கம் வெறும் புதர். எங்கள் ஊர் ஆட்கள் பதினான்கு பேரைக் கூட்டத்துக்கு எடுத்தார்கள். காலையில் கொள்ளைக்காரர்களாக இருந்தவர்கள், மத்தியானம் தொப்பியை மாற்றிக்கொண்டு சாவு வீட்டில் அழுதார்கள். நிஜச் சப்பாத்திக் கள்ளி சுற்றிலும் காடாக நிற்க, அவர்கள் ரப்பரில் நான்கு செய்து கொண்டுவந்து நட்டார்கள்.

வெர்லாவின் கழுதைகளை வாடகைக்குப் பேசினார்கள். ஓட்டுவதற்குக் கலிபோர்னியாவிலிருந்து ட்வைட் பெல் என்று ஒருவரை வரவழைத்தார்கள். அவர் முதல் நாளே வண்டிப் படியிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். வண்டி அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

டைரக்டர் கோரி சின்ன வயதுக்காரர், பேஸ்பால் தொப்பி போட்டவர். நேராக வெர்லா வீட்டுக்கு வந்தார்.

"மேடம், உங்க கழுதைங்களை ஓட்டத் தெரிஞ்ச ஆம்பளை யாராவது இந்த ஊர்ல இருக்காங்களா?"

"ஆம்பளை குரலே அதுங்களுக்கு ஆகாது. என் புருஷன் கூப்பிட்டாலே காதை மடக்கிக்கும்," என்றாள் வெர்லா.

காற்றாலைப் பம்புகள் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் ராய்ஸ், செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "எனக்கும் அதுங்க குரல் ஆகாது."

"கதையில வண்டி ஓட்டுறவன் கிழட்டுக் குடிகாரன், மேடம். தாடி எல்லாம் இருக்கும்."

"தாடி உங்ககிட்ட இருக்கில்ல? கொண்டாங்க. ஒட்டிக்கிறேன்."

இப்படித்தான் வெர்லா நடிகையானாள்.

காட்சி இதுதான். குடிபோதையில் இருக்கும் வண்டியோட்டி, நான்கு கால் பாய்ச்சலில் தெருவுக்குள் வருகிறான். வாசலில் சவரம் செய்துகொண்டிருப்பவரை ஒரு சாண் இடைவெளியில் தாண்டுகிறான். தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து போகிறான். துணிக்கொடியை இழுத்துக்கொண்டு சர்ச்சைச் சுற்றி வந்து, கடைசியில் வண்டியைப் பின்பக்கமாகவே நகர்த்தி லாயத்துக்குள் சொருகிவிட்டு இறங்குகிறான். முன்னால் இருக்கிற கழுதை ஒன்றை அவிழ்த்துவிடுகிறான். அது பொத்தென்று தரையில் படுத்துவிட, அவனும் அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்கிப் போகிறான்.

குடிகாரன் ஓட்டுகிற மாதிரி ஓட்ட வேண்டுமென்றால் ஓட்டுகிறவளுக்குப் பிசகவே கூடாது. மூன்று நாள் அவள் அந்தத் தெருவில் கழுதைகளை வெறுமனே நடத்திக்கொண்டு திரிந்தாள். பீப்பாய்களை முகர விட்டாள். துணிக்கொடியில் தன் வீட்டுப் படுக்கை விரிப்பையே கட்டிப் பழக்கினாள். நான்காம் நாள் ஒரே தடவையில் எடுத்தார்கள். சவரம் செய்துகொள்பவராக உட்கார்ந்திருந்த தீவனக்கடை லைல், வண்டி தாண்டிப் போன பிறகும் ஐந்து நிமிடம் நாற்காலியை விட்டு எழவில்லை.

"வெர்லா, என் மூக்கு இருக்கான்னு பாரு," என்றார்.

"இருக்கு. பாதியை எடுத்திருந்தா இன்னும் லட்சணமா இருந்திருப்ப."

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படம் ஒளிபரப்பானது. ஊர் மன்றத்தில் பெரிய தொலைக்காட்சியை வைத்து அறுபது பேர் உட்கார்ந்து பார்த்தோம். அவரவர் பீன்ஸும் பச்சை மிளகாய்க் குழம்பும், பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் செய்துகொண்டு வந்திருந்தார்கள். தன் முகம் வந்தபோது ஒவ்வொருவரும் கத்தினார்கள். வெர்லாவின் காட்சி வந்ததும் மன்றமே எழுந்து நின்றது. கடைசியில் பெயர்கள் ஓடின. 'வண்டியோட்டி: ட்வைட் பெல்.'

 பிறகு ஒரே கூச்சல். வெர்லா மட்டும் கை காட்டி அடக்கினாள். "பாவம், அந்தாளு எலும்பு முறிஞ்சதுக்காவது ஒரு பேரு வரட்டும் விடுங்க."

அன்றைக்கே ஊர் இரண்டாகிவிட்டது. லைலுக்குப் படம் பிடிக்கவில்லை. "நம்ம ஊரை மடையனுங்க ஊருன்னு காட்டிட்டானுங்க. டூசான்ல இருக்கிற என் மச்சான் போன் பண்ணி, அந்த ரப்பர் கள்ளியில ஒண்ணு அனுப்பி வைன்னு கேக்குறான்," என்று புலம்பினார். மற்றவர்கள், அதற்குத்தானே சிரிப்புப் படம் என்றார்கள்.

அடுத்த வாரம் வெர்லா நூலகத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டர் அவளுக்குப் பழக்கமில்லை. "மார்சேலா, வெளியூர்க்காரங்க நெட்டுல படத்தைப் பத்தி எழுதுறாங்களாமே? படிச்சுக் காட்டு. வடிகட்டாம படி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நாற்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். நான் ஒன்று விடாமல் படித்தேன். 'என் வாழ்க்கையில் இரண்டு மணி நேரம் போச்சு, யார் திருப்பித் தருவார்கள்?' என்று ஒருவர். 'குழந்தைகளோடு பார்த்தோம், வயிறு வலிக்கச் சிரித்தோம்' என்று ஒரு தாய். பாதிரியார் கையில் கைக்கடிகாரம் இருந்ததை மட்டும் ஒன்பது பேர் கண்டுபிடித்திருந்தார்கள். 'ஷெரீஃப்புக்கு முதல் காட்சியில் பல் இல்லை, மூன்றாம் காட்சியில் இருக்கிறது, அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை' என்று ஒருவர். 'படம் குப்பை. அந்தக் குடிகாரக் கிழவனுக்காக இரண்டு தடவை பார்த்தேன்' என்று இன்னொருவர்.

"கிழவனா!" என்று வெர்லா தொடையில் தட்டிச் சிரித்தாள்.

மொன்டானாவிலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். முப்பது வருடம் கோச்சு வண்டி ஓட்டியவராம். 'கதை மோசம், நடிப்பு அதைவிட மோசம். ஆனால் அந்த வண்டியோட்டியின் கைகளைப் பாருங்கள். நான்கு கடிவாள வார்களும் விரல்களுக்குள் தனித்தனியாகப் பேசுகின்றன. நான்கைப் பூட்டிக்கொண்டு பின்னால் நகர்த்தி ஒரு கதவுக்குள் விடுவது என்னாலேயே முடியாத காரியம். அவருக்கு என் தொப்பியைக் கழற்றுகிறேன்.'

வெர்லா சிரிக்கவில்லை. தன் கைகளை மேசை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை படி," என்றாள். படித்தேன். "இன்னொரு தடவை." மறுபடியும் படித்தேன். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமாக ஊரார் கை தட்டியது அன்பினால். இவர் தொழில் தெரிந்து தட்டியிருக்கிறார்.

அதற்கு அடுத்ததையும் படித்திருக்க வேண்டாம். ஆனால் வடிகட்டாதே என்றாளே. ஃபீனிக்ஸிலிருந்து கான்ஸ்டன்ஸ் என்கிற பெண் எழுதியது. 'இதையா நகைச்சுவை என்கிறீர்கள்? ஓடிக் களைத்து ஒரு ஜீவன் சுருண்டு விழுகிறது, கேமரா நிற்காமல் ஓடுகிறது. அந்த மிருகத்தை அந்த நிலைக்கு விரட்டிய ஆள் வெட்கப்பட வேண்டும்.'

வெர்லாவின் முகம் சிவந்தது. எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள்.

"பதில் எழுத முடியுமா இதுல?"

"முடியும். ஆனா எதுக்கு வெர்லா? யாரோ எவளோ."

"என் தாடியைத் திட்டட்டும், படத்தைத் திட்டட்டும். என் ப்ரீச்சரை நான் அடிச்சேன்னு ஒருத்தி நெனச்சிட்டு இருக்கக் கூடாது. நான் சொல்றதை அப்படியே போடு."

அவள் சொன்னாள், நான் அடித்தேன்:

'அம்மணி, அந்தக் கிழவன் நான்தான். என் பெயர் வெர்லா ஹாஸ்கெட். விழுந்தது ப்ரீச்சர் என்கிற கழுதை. அது களைத்து விழவில்லை. அன்றைக்கு அது ஓடியது நானூறு அடி. பஸ் ஓட்டியாக நான் வாழ்நாளில் ஒரு குழந்தையையும் கீறியதில்லை, கழுதையையும் கீறியதில்லை. நம்ப வேண்டாம். வந்து பாருங்கள். சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். சாப்பிட பீச் பை இருக்கும்.'

மூன்றாவது சனிக்கிழமை ஒரு நீலக் கார் வந்து நின்றது. வெர்லா கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். இறங்கியவள் எழுபது வயதை ஒட்டிய மெலிந்த பெண். ஓய்வு பெற்ற நர்ஸ். மூன்றரை மணி நேரம் தனியாகக் கார் ஓட்டி வந்திருந்தாள்.

"நான்தான் கான்ஸ்டன்ஸ். பை சாப்பிட வரல. முதல்ல கழுதையைக் காட்டுங்க," என்றாள்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். வாங்க."

கான்ஸ்டன்ஸ் நர்ஸ் மாதிரியே பார்த்தாள். குளம்பைத் தூக்கச் சொன்னாள். தோளில் வார் உரசுகிற இடத்தை விரலால் தடவினாள். பல்லைப் பார்த்தாள்.  வெர்லா கையைக் கட்டிக்கொண்டு வேலியில் சாய்ந்து நின்றாள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றாள் கான்ஸ்டன்ஸ் கடைசியில், மனசில்லாமல். "ஆனா அது விழுந்துச்சே. நான் கண்ணால பாத்தேனே."

மூக்கு ஒழுகியதோ என்னவோ, கைக்குட்டை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டாள். பைக்குள் இருந்த மிட்டாய்க் காகிதம் சரசரத்தது. அவ்வளவுதான். ப்ரீச்சர் இரண்டு காதுகளையும் நிமிர்த்தியது, முன்னங்கால்களை மடக்கியது, பொத்தென்று புழுதியில் சாய்ந்து நான்கு கால்களையும் நீட்டியது. கண்ணைக்கூட மூடிக்கொண்டது.

கான்ஸ்டன்ஸ் அலறிவிட்டாள். "ஐயோ! என்ன ஆச்சு அதுக்கு?"

"உங்க பையில புதினா மிட்டாய் வச்சிருக்கீங்களா?"

"ஆமா, கார்ல வரும்போது சாப்பிடலாம்னு..."

"ஒண்ணு குடுத்துடுங்க. குடுக்குற வரைக்கும் செத்துதான் கிடக்கும்."

கான்ஸ்டன்ஸ் காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. உதட்டை நீட்டி மிட்டாயை வாங்கிக்கொண்டது. எழுந்து உடம்பை உதறி எங்கள் மூவர் மேலும் புழுதியைக் கொட்டியது. கான்ஸ்டன்ஸ் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள்.

வீட்டுப் படியிலிருந்து ராய்ஸ் குரல் கொடுத்தார்: "அந்தப் படத்துல நடிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்மா!"

மத்தியானம் வெர்லா நான்கையும் பூட்டி, கான்ஸ்டன்ஸை ஓட்டுநர் பலகையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். காய்ந்த ஓடை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரும் கேட்காமலே, வார்களை விரல்களுக்குள் சேர்த்துக்கொண்டாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு சாட்டை இல்லை. நான்கு கழுதைகளும் காதுகளைப் பின்னால் திருப்பி அவள் முணுமுணுப்பைக் கேட்டபடி, அடி அடியாகப் பின்வாங்கின. வண்டி கொட்டகைக் கதவுக்குள் போய் நின்றது. இரண்டு பக்கமும் ஒரு கையகல இடம்தான் இருந்தது. கான்ஸ்டன்ஸ் மூச்சை விட்டது எனக்கு வேலி வரை கேட்டது.

பீச் பையை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

திங்கட்கிழமை பார்த்தேன், கான்ஸ்டன்ஸ் தன் பழைய கருத்தை நீக்காமல் அதன் கீழே எழுதியிருந்தாள். 'நான் தவறாக எழுதிவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தேன். கழுதை கீழே விழுந்தது மிட்டாய்க்காக. படம் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு, அதற்கு மேல் தர முடியாது. ஆனால் வண்டியோட்டி என்று போட்டிருக்கும் பெயர் தவறு. ஓட்டியது பால்மர் வெல்ஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற வெர்லா ஹாஸ்கெட் என்கிற பெண். அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்தேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.'

அதன் கீழே மொன்டானாக்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'பெண்மணியா? அப்படியானால் தொப்பியை இரண்டு முறை கழற்றுகிறேன்.'

லைல் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கிப் போய்த் தீவனக்கடைச் சுவரில் ஒட்டினார். படத்தைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. மூட்டை வாங்க வருகிற வெளியூர்க்காரர்களிடம், "படமா? கண்றாவி. ஆனா இதைப் படிங்க, இவ எங்க ஊர்க்காரி," என்று விரலால் தட்டிக் காட்டுவார். பஸ்ஸில் குழந்தைகள் ஒரு வாரம் விடவில்லை. மிஸ் வெர்லா, பஸ்ஸைப் பின்பக்கமாவே ஸ்கூல் வரைக்கும் ஓட்டுங்க என்று ஒரே ரகளை. அவள் ஓட்டவில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தோன்றும்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். "எல்லாரும் எழுதிட்டாங்க வெர்லா. நீ எத்தனை குடுப்ப?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "மூணு," என்றாள். "அந்த வங்கி முதலாளி பாடுற இடம் ரொம்ப நீளம். வெட்டியிருக்கலாம்."

நான் அதையும் அவள் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன். நாற்பத்தைந்தாவது கருத்து அது.