கம்ப்யூட்டருக்கு ஓர் உறை

இன்று லோபாக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையிலேயே பாதி நாள் போய்விட்டது.

அனிமேஷன் வேலைக்கும் கேம் விளையாடவும் ஒரே கம்ப்யூட்டர் வேண்டும். பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. எல்லாவற்றையும் வைக்கும் பெட்டி, அதாவது கேஸ் ஒன்றுதான் பாக்கி.

கடைக்கார அண்ணன், மேல்பக்கம் ஃபேன் வைத்த கேஸைக் காட்டினார். "இத எடுத்துக்க தங்கச்சி. சூடெல்லாம் மேல போயிரும்."

"மேல ஓட்டை வேணாண்ணே. அம்மா துணி போட்டு மூடிருவாங்க."

பழைய கம்ப்யூட்டர் அப்படித்தான் செத்தது. தூசி படக்கூடாதென்று அம்மா அதன்மேல் லேஸ் துணி விரித்துப் பூச்சாடியும் வைத்திருந்தார். அனிமேஷன் வீடியோவாக மாறும் ரெண்டர் பாதியில் இருக்கும்போது அணைந்தது, அதன்பின் எழவே இல்லை. வேலை கொடுத்தவரிடம் பூச்சாடியைக் காரணம் சொல்லவா முடியும்?

அண்ணன் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் இதே கததான் லா," என்றபடி, இரண்டு பக்கமும் வலை வைத்த கேஸைத் தேடி எடுத்து வந்தார். "இதுல காத்து சைடுல போயிரும். மேல எத வச்சாலும் ஒன்னும் ஆவாது."

அதையே வாங்கிக்கொண்டு லிங்கியில் எங்கள் வீட்டுக்கு வந்து, மேசையில் தூக்கி வைத்தேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பயப்படாத, இந்த தடவ மேல துணி போடமாட்டேன்," என்றார்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

"சைடுல மட்டும் சுத்தி மறைக்கிற மாதிரி உறை தைக்கிறேன். துணிகூட எடுத்து வச்சிட்டேன். அளவு சொல்லு."

அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டில் உறை போடாத பொருள் ஏதாவது மிச்சம் இருப்பவர்கள் கை தூக்குங்கள்.