கடைசி வீட்டுக்குப் போன தண்ணீர்

நான் தண்ணீர் திருடியவன். எங்கள் தெருவுக்கு வந்த குடிநீரைக் குழாயில் மோட்டார் பொருத்தி ஒன்பது ஆண்டுகள் உறிஞ்சினேன். அதே ஒன்பது ஆண்டுகளும் அந்தத் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நானே செயலாளர்.

திருட்டு மட்டும் என்றால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். எழுபத்தாறு வயதில் ஒருவன் ஒரு மோட்டாருக்காக வெட்கப்பட்டுவிட்டுப் போய்ச் சேரலாம். அந்தத் தண்ணீரால் ஒரு குழந்தை பிறக்கும் முன்பே இறந்தது. அதன் பழியை இன்று வேறொருவர் சுமக்கிறார்... சுமக்க விட்டிருப்பவன் நான்.

எங்கள் நகர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். தெருவில் இருபத்தாறு வீடுகள். காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பார்கள், ஏழரைக்கு மூடிவிடுவார்கள். என் வீடு பதினான்காவது. கடைசி வீடு ஜெயந்தியுடையது. கணவர் இறந்த பிறகு இட்லி மாவு அரைத்து விற்று, ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். தெருவில் பாதி வீடுகளுக்கு அவர் மாவுதான். என் வீட்டுக்கும்.

மோட்டார் வாங்கியது, என் மனைவி படுக்கையில் விழுந்த கோடையில். துணி துவைக்கவும் அவள் உடம்பைத் துடைக்கவும் வருகிற தண்ணீர் போதவில்லை. இதைச் சொன்னால் நீங்கள் இரங்கக்கூடும். வேண்டாம். அடுத்த தை மாதமே அவள் போய்விட்டாள். மோட்டார் போகவில்லை. அதன்பிறகு அது எதற்காக ஓடியது? இரண்டு தென்னைகளுக்கு... ஒரு செம்பருத்திக்கு... கார் கழுவுவதற்கு. தொட்டி நிரம்பி வழியும் சத்தத்தைக் கேட்டால் மனதுக்கு ஒரு நிறைவு. வேறு காரணம் எதுவும் தேடிக் கிடைக்கவில்லை.

தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் குழி எடுத்து மோட்டாரை இறக்கி, பலகையால் மூடி, மேலே துளசிச் சட்டியை வைத்திருந்தேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்கச் சரியாக ஆறு மணிக்குப் பக்திப் பாடல்களை உரக்க ஒலிக்கவிடுவேன். மோட்டார் நிற்கும்போது பாட்டும் நிற்கும்.

எதிர்வீட்டு ராமமூர்த்தி ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார்: “உங்க புண்ணியத்துல எங்காத்துப் பெருமாளும் ஆறு மணிக்கு எழுந்துக்கறார் சார். ஆனா ஆறே முக்காலுக்கு டக்குனு நிறுத்திடறீங்களே. அவர் காபி குடிச்சாச்சான்னு பாக்க வேண்டாமா?”

நானும் சிரித்தேன்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். வால்வு திறக்கும் முருகேசன். ஒருநாள் காலை சைக்கிளை என் வாசலில் நிறுத்தி, சுற்றுச்சுவர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சுவரில் ஓர் அதிர்வு இருந்திருக்கும்.

“கடைசி வீட்டுக்குத் தண்ணி ஏறல சார். நடுவுல யாரோ இழுக்குறாங்க.”

“யாருன்னு தெரியுமா?”

அவர் துளசிச் சட்டியைப் பார்த்தார். “சொன்னா நீங்க மனுவுல எழுதுவீங்களா சார்?”

எழுதினேன். அந்த வாரமே, சங்கத்தின் தாளில் எழுதினேன். வால்வு முழுமையாகத் திறக்கப்படுவதில்லை என்றும், பணியாளரின் மெத்தனமே காரணம் என்றும். படித்தவன் கையெழுத்து, செயலாளர் முத்திரை... அதை யார் சந்தேகிப்பார்கள்? முருகேசனை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். கடைசி நாளன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் என்னைக் கண்டதும் நின்றார்.

“எனக்கு எழுத வராது சார். உங்களுக்கு நல்லா வருது,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புதிய ஆள் வந்தும் கடைசி வீட்டின் நிலை மாறவில்லை. எப்படி மாறும்! ஜெயந்தி என்னிடமே முறையிட வந்தார்.

“ஆறே முக்காலுக்கு மேலதான் சார் சொட்டுது. அதுவும் முதல் ரெண்டு குடம் கலங்கலா வருது. ஒரு மாதிரி வாடை வேற.”

அவருக்காகவும் மனு எழுதினேன். ஒன்றல்ல, நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு விதவைத் தாயின் துயரம் என்று உருக்கமாக எழுதினேன். அவர் தெருவெல்லாம் சொன்னார்: “சார் இல்லன்னா எங்க வீட்ட யாரு கேப்பா?”

இப்போது சொல்லப்போவதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். குழாய்களில் அழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருவதே என் வேலை. சாக்கடையோரம் போகும் குழாயில் ஒரு கசிவு இருந்து, அந்தக் குழாயை மோட்டார் உறிஞ்சினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் வெளியேறும் அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். மோட்டார் நின்றதும் அது கடைசி வீட்டை நோக்கி நகரும். என் வீட்டில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இருந்தது. அவர் வீட்டில் சட்டியும் அடுப்பும் மட்டும்.

வாடை என்று அவர் சொன்ன கணமே எனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தது. ஆனால் அந்த எண்ணத்தை முடிக்கவிடாமல் எழுந்துபோய்ப் பேனாவைத் தேடினேன்... மனு எழுத!

சென்ற ஆண்டு ஜெயந்தியின் மகள் சுபா, வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக லால்குடியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதம். மாலையில் மெல்ல நடந்து என் வீட்டு வாசல்வரை வருவாள். “செம்பருத்தி எப்படி சார் இவ்வளவு பூக்குது? எங்க வீட்டுல ஒரு செடி வெக்க தண்ணியே இல்ல,” என்று சொல்லி ஒரு பூ கேட்பாள். பறித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மூன்று முறை.

ஒரு மாதம் கழித்து அவளுக்கு வாந்தி, பிறகு காய்ச்சல், பிறகு கண்ணெல்லாம் மஞ்சள். தண்ணீரால் வரும் காமாலை என்றும், கர்ப்பிணிகளை அது கடுமையாகத் தாக்கும் என்றும் மருத்துவர் சொன்னார். சுபா பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலேயே குழந்தை இறந்தது. பெண் குழந்தை.

மாநகராட்சியிலிருந்து வந்து தோண்டினார்கள். கடைசி வீட்டுக்குச் சற்று முன்னால், சாக்கடைச் சுவரை ஒட்டி, ஓர் இணைப்பு அரித்துப்போயிருந்தது. பள்ளத்துக்கு மேலே நின்றவர்களுக்கு ஓர் இளம் பெண் பொறியாளர் விளக்கினாள். வயதில் என் பேத்தியாக இருக்கலாம்.

“லைன்ல யாரோ மோட்டார் போட்டு இழுக்குறாங்க. அதனாலதான் சாக்கடை உள்ள போயிருக்கு. வீடு வீடா பாக்கணும்.”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. செயலாளர் என்ற முறையில் அவளை ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்துப்போனவன் நான்தான். காமாலை என்று கேள்விப்பட்ட அன்றே மோட்டாரைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டிருந்தேன். ஆனால் அதற்குக்கூடத் தேவை வரவில்லை. என் வாசலுக்கு வந்ததும் ராமமூர்த்தி குறுக்கிட்டார்.

“இது செகரட்டரி வீடும்மா. இங்க சாமி பாட்டத் தவிர வேற சத்தமே வராது.”

அவள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். “இல்லையம்மா, இங்கேயும் பாருங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்து, சுபா லால்குடிக்குத் திரும்பிய பிறகு ஜெயந்தி என் வீட்டுக்கு வந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“நான்தான் சார் கொன்னுட்டேன்,” என்றார்.

என்ன பேச்சு இது என்று கேட்டேன்.

“அவ வந்ததுலேருந்து காய்ச்சித்தான் குடுத்தேன். ஒரு தடவ சிலிண்டர் வர ரெண்டு நாளாச்சு. ரெண்டு நாள்தானேன்னு பானைத் தண்ணிய அப்படியே மொண்டு குடுத்தேன். டாக்டர் கேட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு. மாப்ளகிட்ட சொல்லல. சுபாகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்.”

தன் குற்றம் என்று எண்ணியதை அவர் என்னிடம் ஒப்புக்கொண்டார். என்னிடம்! அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னது என்ன தெரியுமா? “மனசைத் தேத்திக்கம்மா. நடந்தது நடந்துபோச்சு.”

மன்னிக்கிறவனைப்போலப் பேசினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவர் வீட்டு அடுப்பு அணைவதில்லை. குடிக்கிற தண்ணீர், மாவு அரைக்கிற தண்ணீர், பாத்திரம் அலம்புகிற தண்ணீர்... எல்லாவற்றையும் காய்ச்சுகிறார். கையில் கொப்புளங்கள். தெருக்கோடியில் அவர் சமையலறை ஜன்னலிலிருந்து ஆவி வருவது என் மாடியிலிருந்தே தெரிகிறது.

போன வாரம் துணிந்து கிளம்பினேன். வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பதினொரு வீடுகளைக் கடந்தேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

“தைரியமா குடிங்க சார். ரெண்டு தரம் காய்ச்சினது.”

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெதுவெதுப்பு விரலில் ஏறியது.

“இப்பல்லாம் ஆறு மணிக்கே தண்ணி வந்துடுது சார். பொங்கிட்டு வருது. உங்க மனுவுக்கு இப்பதான் பலன் கெடைச்சிருக்கு,” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஒரு வருஷம் முன்ன வந்திருக்கக் கூடாதா,” என்றார்.

தண்ணீரைக் குடித்தேன். ஒரு சொட்டு மீதியில்லாமல் குடித்தேன். வாய் திறந்தேன்.

“மாவு வேணுமா சார்?”

“அரை கிலோ போதும்மா,” என்றேன்.

மாவுப் பையோடு பதினொரு வீடுகளையும் மறுபடி கடந்து வந்து சேர்ந்தேன். அதைச் சாப்பிடவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் புளித்துக்கொண்டிருக்கிறது.

ஆறு மணிக்கு இப்போதும் விழித்துக்கொள்கிறேன். பாட்டு வைப்பதில்லை. உடம்பு சரியில்லையா என்று ராமமூர்த்தி கேட்கிறார். ஆமாம் என்கிறேன்.

முகம் தெரியாத உங்களிடம் இத்தனை பக்கம் எழுத முடிகிறது. முருகேசன் சொன்னது சரிதான், எனக்கு எழுத நன்றாக வருகிறது. ஜெயந்திக்கோ ஒரு வாக்கியம் போதும், அடுப்பை அணைத்துவிடுவார்.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு இன்னும் தெரியாது.